நெறியும் கண்டமாலையும்: மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் கழுத்துப் பரவல் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் கழுத்துக்கட்டியாகவே முதலில் வெளிப்படுகிறது. கண்டமாலை, நெறி என்னும் இரு சொற்களின் பொருளை ஒப்பிட்டு, கட்டியின் மூலத்தைத் தேடும் முறை உருவான வரலாற்றை இக்கட்டுரை கொங்கு நாட்டுச் சூழலில் வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்டமாலை, நெறி, நிணநீர்க்கணு, மூக்குத்தொண்டை, காசநோய், கதிர்வீச்சு

முன்னுரை

காலில் முள் தைத்துச் சீழ்பிடித்தவருக்குத் தொடையிடுக்கில் கட்டி தோன்றினால், ‘நெறி கட்டிவிட்டது’ என்பது கொங்கு நாட்டிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் உள்ள வழக்கு. நெறி கண்டவர் உடனே காலைப் பார்ப்பர். கட்டி ஓரிடத்தும் அதன் மூலம் வேறிடத்தும் இருக்கும் என்ற பட்டறிவு இவ்வழக்கில் பொதிந்துள்ளது.

கண்டமாலை

கழுத்தில் மாலைபோல் வரிசையாக எழும் கட்டிகளைச் சித்த மருத்துவம் கண்டமாலை என்கிறது. ஆயுர்வேதத்திலும் இப்பெயர் உண்டு. கழுத்தைக் குறிக்கும் கண்டமும் கட்டியைக் குறிக்கும் கண்டமும் வடமொழியில் வெவ்வேறு ஒலியுடைய சொற்கள்; தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) இதனைக் கழுத்து நோயாகவே பதிவு செய்கிறது. நெறி ஓர் அறிகுறியின் பெயர். கண்டமாலையோ கட்டியையே நோயாக நிறுத்தும் பெயர். 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், இவ்வகைக் கழுத்துக்கட்டிகளில் பெரும்பகுதி காசநோய் எனத் தெளிவாயிற்று. பெயர் மாறியது, கழுத்தோடு பார்வை நின்றுவிடும் பழக்கம் முற்றிலும் மாறவில்லை.

மூலமும் வழியும்

மூக்குத்தொண்டை என்பது மூக்கின் பின்புறம், மெல்லண்ணத்திற்கு மேல் உள்ள பகுதி. அதன் பக்கச் சுவரிலுள்ள ரோசென்முல்லர் பள்ளத்தில் இப்புற்று பெரும்பாலும் தோன்றுகிறது. அங்கு நிணநீர்க் குழல்கள் செறிந்திருப்பதால், மூலக்கட்டி சிறிதாக இருக்கும்போதே நோயணுக்கள் தொண்டையின் பின்புறக் கணுக்களையும் கழுத்தின் மேற்பகுதி ஆழ்கணுக்களையும் அடைகின்றன. பின்னர் அவை படிப்படியாகக் கீழிறங்குகின்றன; இருபுறமும் பரவுதல் மிகுதி. நோய் கண்டறியப்படும் வேளையில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் கணுக்களில் பரவல் காணப்படுகிறது.

பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஆன்ரி ரூவியேர் 1932இல் வெளியிட்ட நூல் உடலின் நிணநீர் வழிகளை விரிவாக வகுத்துரைத்தது. தொண்டையின் பின்புறக் கணுவொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இந்நோய் மிகுந்த ஹாங்காங்கில் மருத்துவர் ஜான் ஹோ, 1978இல் கழுத்தை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பகுத்தார். கணு கீழே செல்லச் செல்ல நோய் கடுமையானது என்பதே அப்பகுப்பின் அடிப்படை. தொடையிடுக்கிலிருந்து காலை நோக்கிய நாட்டார் பட்டறிவும் இவர்கள் கழுத்திலிருந்து மூக்கின் பின்புறத்தை நோக்கியதும் ஒரே ஏரண வழியில் அமைந்தவை.

கொங்கு நாட்டுச் சூழல்

தென்சீனத்திலும் இந்தியாவில் நாகாலாந்திலும் மிகுதியாகக் காணப்படும் இந்நோய் தமிழகத்தில் அரிது; காசநோயோ பரவலானது. பெருந்துறையில் காசநோய் மருத்துவமனை பல்லாண்டுகள் இயங்கியது. இப்புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையான கதிர்வீச்சின் தொடக்ககால நிலையங்களோ சென்னையில் இருந்தன: பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் (1934), முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் (1954). பின்னதில் கோபால்ட்-60 கருவி 1957இல் செயற்பட்டது. கோவை மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். காசநோய் மருத்துவம் அருகிலும் கதிர்வீச்சு தொலைவிலும் இருந்த சூழல், கழுத்துக்கட்டியைக் காசநோயாகவே கருதும் போக்கை வலுப்படுத்தியது எனக் கொள்ள இடமுண்டு.

இதன் விளைவு இன்றைக்கும் உரியது. ஆய்வின்றிக் காசநோய் மருந்து தொடங்கி மாதங்கள் கழிந்தால், அதற்குள் புற்று கீழ்க்கழுத்தை எட்டக்கூடும். கட்டியை மட்டும் வெட்டியெடுப்பதாலும் மூலம் நீங்காது. ஒருபக்கக் காதடைப்பு, சளியில் இரத்தக்கசிவு ஆகியவற்றை வினவுதல், அகநோக்கியால் மூக்கின் பின்புறத்தைக் காணுதல், ஊசிவழி அணு ஆய்வு ஆகியவை மருந்துக்கு முன் நிகழ வேண்டியவை.

முடிவுரை

கண்டமாலை என்ற சொல் கட்டியின் வடிவத்தைக் காட்டியது. நெறி அதன் காரணத்தைத் தேடத் தூண்டியது. நிணநீர் மருத்துவத்தின் வரலாறு இரண்டாவது வழியில் சென்றுள்ளது. ஆறாத கழுத்துக்கட்டியை ‘நெறி’ எனக் கொண்டு அதன் ‘புண்’ எங்கே என வினவும் முறையைத் தமிழ்வழி நலக்கல்வியில் பயன்படுத்தினால், நோயாளி மருத்துவரை நாடும் காலம் முந்தும் என இக்கட்டுரை கருதுகிறது.