கண்டிக்கோட்டை ஏற்றம்

எங்கள் சிட்லபாக்கம் வீட்டுச் சமையலறையில் ஒரு கறுப்புக் கல் மேடை இருக்கிறது. அதன் மேல்தான் இருபது வருஷமாகக் காய்கறி நறுக்குகிறோம், காபி கலக்கிறோம். கடப்பா கல் என்று பெயர். கடப்பா என்பது மனிதர்கள் வசிக்கும் ஊர் என்ற ஞாபகமே எனக்கு இருந்ததில்லை. ரவை, மைதா மாதிரி அதையும் ஒரு சரக்கின் பெயராகவே பாவித்து வந்தேன்.

என் மைத்துனன் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியதில் இந்த அறியாமை நீங்கிற்று.

"மாமா, அமெரிக்காவிலே பாலைவனத்து நடுவே ஆறு அறுத்த பெரிய பள்ளத்தாக்கு இருக்கே, அந்த மாதிரி ஒண்ணு நம்ம கடப்பா பக்கத்திலேயே இருக்கு. வரீங்களா?" என்றான்.

"கண்டிக்கோட்டையா?" என்றேன். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலை இடுக்கு. தவேர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரியின் பிரயாண நூலில் அந்தப் பெயரைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். அவரும் நம் சென்னையிலிருந்துதான் புறப்பட்டார். 1652-ஆம் வருஷம் ஆகஸ்டு கடைசியில் கிளம்பி, செப்டம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு இரண்டு பகல் பிடித்தது. அதில் பாதி, என் இடுப்புக்காக வண்டியை நிறுத்திய நேரம்.

திருத்தணி, ரேணிகுண்டா தாண்டிச் செம்மரக் காடு. ராஜம்பேட்டை, ஒண்டிமிட்டா, கடப்பா. சிட்லபாக்கத்திலிருந்து 350 கிலோமீட்டருக்குக் குறையாது. கடப்பாவுக்கு மேற்கே பூமியின் முகமே மாறிவிடுகிறது. வேலிக்குக் கல் பலகை, கூரைக்குக் கல் பலகை. எங்கள் சமையல் மேடையின் உற்றார் உறவினர் எல்லாம் வயல் வரப்பில் வரிசையாக நிற்கக் கண்டேன். இது ராஜஸ்தான் மாதிரி மணல் பாலைவனம் அல்ல. நம் பழைய இலக்கணக்காரர்கள் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டால் பாலை என்றார்களே, அந்த ரகம்.

ஜம்மலமடுகு கடந்து கடைசி ஏற்றத்தில் வண்டி முனகி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. முதல் நாள் இரவு குழாயை 'ரிசர்வ்' பக்கம் திருப்பிவைத்து மறந்தது அடியேன்தான். மைத்துனன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமலிருந்ததுதான் சுட்டது. நூற்றெண்பது கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை இருவரும் தள்ளினோம். நூறு கஜத்துக்குள் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மீர் ஜும்லாவின் பீரங்கிகள் ஞாபகத்துக்கு வந்தன.

மீர் ஜும்லா ஈரானில் எண்ணெய் வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். வைர வியாபாரத்தில் வளர்ந்து, கோல்கொண்டா சுல்தானுக்கே மந்திரியான ஆசாமி. விஜயநகரத்தின் கடைசி அரசரான மூன்றாம் ஸ்ரீரங்கரின் ராஜ்யத்தைத் துண்டு துண்டாக விழுங்கியவர் அவர்தான். 1639-இல் இங்கிலீஷ்காரர் கடற்கரையில் மணல்மேடு ஒன்றுக்குச் சாசனம் வாங்கினார்களே, அந்தச் சென்னையும் பத்து வருஷம் ஆவதற்குள் கோல்கொண்டா ஆட்சிக்குள் போயிற்று. பெம்மசானி நாயக்கர்களின் கண்டிக்கோட்டை மட்டும் மலைமேல் நின்றது.

அந்தக் கோட்டைக்கு ஒரு பக்கம் பெண்ணாறே அரண். நம் தென்பெண்ணைக்கு இது வடக்கத்திச் சகோதரி. இரண்டுக்கும் பிறந்தகம் நந்தி மலைதான். தங்கை கடலூர்ப் பக்கம் போக, அக்காள் இங்கே வந்து, நூறு கோடி வருஷத்துக்கும் மூத்த சிவப்புப் பாறையை முந்நூறு அடி ஆழத்துக்கு அறுத்து வைத்திருக்கிறாள். அடுக்கி வைத்த செங்கல் மாதிரி பாறைகள். அடியில் பச்சை நிறமாக ஒரு நாடா. அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சேனையும் ஏறமுடியாது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு உப்பும் துணியும் வரவேண்டாமா? ஆகவே ஒரு பாதை வேண்டியிருந்தது. அந்தப் பாதை மிகக் குறுகல் என்றும், பக்கத்திலேயே பயங்கரமான பள்ளம் என்றும் தவேர்னியே எழுதுகிறார். ஐரோப்பியப் பீரங்கிக்காரர்களுக்கு அதிகச் சம்பளம் தருவதாக ஆசை காட்டி, அந்தப் பாதை வழியாக நான்கு பீரங்கிகளை மீர் ஜும்லா மேலே ஏற்றுவித்தாராம். கோட்டை வாசல் பாதி இடிந்தது. உள்ளிருந்தவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறினார்கள். ஆறு காவல் காத்த பக்கம் கடைசிவரை யாரும் வரவேயில்லை!

பீரங்கிக்காரர்களின் சம்பளத்தைச் சொன்ன தவேர்னியே, வடம் பிடித்து இழுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிய கையோடு அந்தப் பக்கங்களை நினைத்தபோது, அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

மற்றபடி அவர் கண்கள் கூர்மையானவை. சுல்தானுக்கு விற்க வேண்டிய முத்துக்களை முதலில் மந்திரியிடம் காட்டியாக வேண்டும் என்பதால்தான் அத்தனை தூரம் போனார். அங்கே மீர் ஜும்லா கூடாரத்தில் வெறுங்காலோடு சம்மணமிட்டு, கால்விரல் இடுக்குகளிலும் இடது கைவிரல் இடுக்குகளிலும் கடிதங்களைச் செருகிக்கொண்டு, குமாஸ்தாக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தக் கச்சேரியிலும் இப்படி ஒரு ஃபைல் முறையை நான் பார்த்ததில்லை.

பிடித்த கோட்டையிலேயே பீரங்கி வார்க்கவும் மந்திரி ஆசைப்பட்டார். சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து செப்புத் திருமேனிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். மெய்யே என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றை உருக்கினார். கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு பெரிய விக்கிரகங்கள் மட்டும் எந்த நெருப்புக்கும் உருகவில்லை என்கிறார் தவேர்னியே. மந்திரவாதம் செய்துவிட்டதாக அர்ச்சகர்களை மந்திரி மிரட்டினாராம். கடைசியில் ஒரு பீரங்கிகூட உருப்படியாக வரவில்லை. உலையின் சூடு போதவில்லை என்று கெட்டிக்காரர்கள் சொல்லலாம், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வழியில் போன டிராக்டர்காரர் ஒருவர் அரை பாட்டில் பெட்ரோலுக்கு ஏற்பாடு செய்ததால் மானம் தப்பியது. கோட்டைக்குள் மசூதியையும், மலை போன்ற தானியக் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு மாதவராயர் கோயிலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கோபுரம் இருக்கிறது, சிற்பத் தூண்கள் இருக்கின்றன. கர்ப்பக்கிருகத்தில் மூர்த்தி இல்லை. இருட்டும் வௌவால் வாடையும்தான்.

திரும்பிப் பார்த்தேன். மைத்துனன் பூட்ஸ் இரண்டையும் வாசற்படியிலேயே கழற்றிவிட்டு, சூடு ஆறாத கல்லில் கால் மாற்றி மாற்றி வைத்து உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"சாமிதான் இல்லையேடா!" என்றேன்.

"தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு, இருட்டைப் பார்த்துக் கை கூப்பினான்.