டிரம்மைக் கழற்றியபோது கழன்று போன கணக்கு

வழமையை விடக் கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் பத்தாம் தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது டுபாயில் பழைய கார்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறார். போன கிழமை இரவு வட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று வந்தது.

"சேர், ஒருத்தரோட 1950ஆம் ஆண்டு ஜகுவார் எக்ஸ்கே120. ட்ரெக்கில ஓட்டணும் எண்டு கேட்டாரு. பழைய டிரம் பிரேக்கைக் கழட்டி நாலு சில்லுக்கும் டிஸ்க் போட்டுக் குடுத்தோம். முதலாவது வளைவுக்குப் பிரேக் மிதிச்ச உடனே கார் பின்பக்கம் சுழண்டுட்டு. அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒண்டும் இல்ல. ஆனா எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. சாமான் எல்லாம் புதுசு, நல்ல சாமான். எங்க சேர் பிழை?"

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தக் காரின் வரலாறு எனக்குக் கொஞ்சம் தெரியும். பதிலும் அந்த வரலாற்றுக்குள்ளேதான் இருந்தது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எக்ஸ்கே120 ஏறத்தாழ 1300 கிலோ. அது மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கசக்தி சுமார் 13 இலட்சம் யூல். காரை நிறுத்துவதென்றால் அந்தச் சக்தி முழுக்க எங்காவது போக வேண்டும். அநேகமாக எல்லாமே பிரேக்கில் சூடாகத்தான் போகும். நாலு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கே இவ்வளவு. வேகம் பாதியானால் சக்தி கால்வாசியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். றோட்டில் போதுமாக இருக்கும் பிரேக் ட்ரெக்கில் திணறுவது இதனால்தான்.

டிரம் பிரேக் ஒரு மூடிய சட்டி மாதிரி. உள்ளே இருக்கும் லைனர்கள் வெளிப்பக்கமாக விரிந்து சட்டியின் சுவரில் உரசும். உள்ளே பிறக்கும் சூட்டுக்கு இலகுவில் வெளியேற வழியில்லை. சூடேறச் சூடேறச் சட்டி விரிந்து லைனரை விட்டுத் தள்ளிப் போகும். லைனரின் பிடிப்பும் குறையும். பெடல் கீழே கீழே போகும், கார் நிற்காது. நம்ம லொறிச் சாரதிமார் கடுகண்ணாவையில் இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குவது இந்தச் சூட்டுக்குப் பயந்துதான்.

எக்ஸ்கே120 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார். அதன் பெயரில் உள்ள 120 என்பது மணிக்கு மைலில் அதன் வேகம். 1949இல் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில் 132 மைலையும் தாண்டிக் காட்டியது. ஓடுவதில் குறை சொல்ல முடியாது, குறை நிறுத்துவதில்தான் இருந்தது. 1950இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணித்தியாலப் பந்தயத்தில் மூன்று எக்ஸ்கே120 ஓடின. அதில் ஒன்று முன்னணி இடங்களில் வந்துகொண்டிருந்தது. பிரேக் தளரத் தொடங்கியதும் ஓட்டுநர்கள் கியரைக் குறைத்துக் குறைத்தே வேகத்தை அடக்கினார்கள். கடைசியில் கிளட்ச் தாங்கவில்லை. பந்தயம் முடிய மூன்று மணித்தியாலம் அளவில் இருக்கும்போது கார் நின்று போனது.

அடுத்த வருடம் அதே இயந்திரத்தை இலகுவான உடம்பில் வைத்து சி-டைப் என்ற பந்தயக் காரை ஜகுவார் செய்து லே மான்ஸில் வென்றது. அப்போதும் டிரம் பிரேக்தான். ஆனால் அந்தக் காலத்திலேயே டன்லொப் நிறுவனத்துடன் சேர்ந்து வேறொரு வேலையும் நடந்தது. விமானச் சில்லுகளுக்கு டன்லொப் செய்துவந்த டிஸ்க் பிரேக்கைக் காருக்குக் கொண்டுவரும் வேலை. யோசனை புதியதல்ல. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். நடைமுறைக்கு வரத்தான் அரை நூற்றாண்டு எடுத்தது.

டிஸ்க் திறந்த தட்டு. காற்றுப் படும், சீக்கிரம் ஆறும். சூட்டில் விரிந்தால் பெட்டுக்குக் கிட்டத்தான் வரும், விலகாது. ஆனால் அது சும்மா கைக்கு வந்துவிடவில்லை. 1952இல் ஜகுவாரில் சேர்ந்த பரிசோதனை ஓட்டுநர் நோர்மன் டூயிஸ் மாதக்கணக்காக ஓட்டி ஓட்டிப் பிழை பிடித்தார். சூட்டில் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், அதனால் பெடல் தரை வரை போய்விடும். வளைவுகளில் சில்லு இலேசாக ஆடினால் டிஸ்க் பெட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதிக்குப் பிரேக் பிடிக்காது. ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள்.

1952 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் ஓட்ட, டூயிஸ் பக்கத்தில் இருக்க, டிஸ்க் போட்ட சி-டைப் ஓடியது. ஸ்டியரிங் பழுதானதால் முடிக்கவில்லை. அடுத்த மாதம் பிரான்ஸின் ரெய்ம்ஸில் மொஸ் அதே வகைக் காரில் வென்றார். 1953 லே மான்ஸில் மூன்று சி-டைப்களும் டிஸ்க்குடன் வந்தன. அங்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நேர் பாதை ஒன்று இருந்தது. அது முடியும் இடத்தில் இறுக்கமான வளைவு. மற்றவர்கள் தூரத்திலேயே பிரேக் பிடிக்கத் தொடங்க, ஜகுவார் ஓட்டுநர்கள் இன்னும் கிட்டப் போய்ப் பிடித்தார்கள். 24 மணித்தியாலமும் அப்படியே பிடித்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹமில்டன் இருவரும் முதலிடம். மற்ற இரண்டு கார்களும் இரண்டாம், நாலாம் இடங்கள். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. 1957இல் ஜகுவார் எக்ஸ்கே150 நாலு சில்லுக்கும் டிஸ்க்குடன் சாதாரண றோட்டுக்கே வந்துவிட்டது.

இங்கேதான் என் மாணவனின் கேள்வி வருகிறது. டிஸ்க் அவ்வளவு நல்லதென்றால் அந்தக் கார் ஏன் சுழன்றது?

அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "முன்னுக்கும் பின்னுக்கும் போட்ட கெலிப்பர் ஒரே அளவா?" ஓம் என்றார். டிஸ்க்கும் ஒரே அளவு. ஒரே சிலிண்டரில் இருந்து ஒரே அழுத்தம் போகிறது. அப்படியென்றால் பிரேக் விசை முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் பாதி பாதியாக நிற்பதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சாரதி பிரேக் அடித்தால் நாம் முன்னுக்குச் சாய்கிறோம் அல்லவா, அதேதான். எக்ஸ்கே120இன் முன் பின் அச்சுகளுக்கிடையே 2.59 மீற்றர். அதன் ஈர்வை மையம் தரையிலிருந்து அரை மீற்றர் என்றும், நிற்கும்போது இரண்டு அச்சிலும் 650 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல காய்ந்த பாதையில் பலமாகப் பிரேக் பிடித்தால் சுமார் 200 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போகும். முன்னுக்கு 850, பின்னுக்கு 450. அதாவது பிரேக் விசையும் ஏறத்தாழ 65க்கு 35 என்று பிரிய வேண்டும். ட்ரெக்குக்கென்று பிடிப்புக் கூடிய டயர் போட்டால் 70க்குக் கிட்டப் போகும். மழை பெய்தால் பிடிப்புக் குறையும், பாரமும் அவ்வளவாக நகராது, 58க்கு 42 என்று திரும்பி வரும்.

பாரம் குறைந்த பின் சில்லில் பாதி விசையைப் போட்டால் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். கார் சுழலும். முன் சில்லு முதலில் பூட்டினால் கார் நேரே போகும், காலை இலேசாக எடுத்தால் மீண்டும் திரும்பும். அதனால்தான் முன்பக்கம் ஒரு சொட்டு முந்திப் பூட்டும்படி வைப்பார்கள்.

இதை ஜகுவாரின் பழைய பொறியியலாளர்கள் அறியாமலா இருந்தார்கள்? எக்ஸ்கே120இன் முன் டிரம்மில் இரண்டு லைனர்களும் சில்லு சுழலும் திசையிலேயே இழுபட்டு இறுகும்படி வைத்திருந்தார்கள். பின் டிரம்மில் ஒன்றுதான் அப்படி, மற்றது எதிர்த்திசை. அதனால் ஒரே அழுத்தம் போனாலும் முன்பக்கம் கூடப் பிடிக்கும். அந்தச் சட்டிகளுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. டிரம்மைக் கழற்றியபோது அந்தக் கணக்கையும் சேர்த்துக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

இதற்குப் பந்தயக் கார்களில் ஒரு வழி உண்டு. முன் சில்லுகளுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர், பின் சில்லுகளுக்கு இன்னொன்று. பெடல் அவை இரண்டுக்கும் நடுவே ஒரு கோலைத் தள்ளும். தள்ளும் இடத்தை எந்தச் சிலிண்டருக்குக் கிட்டக் கொண்டுபோகிறோமோ அதற்குக் கூடுதல் விசை. பாடசாலையிலேயே பிள்ளைகள் படிக்கும் நெம்புகோல்தான். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றமாதிரி அதைத் திருகி மாற்றலாம்.

இன்னும் ஒன்றையும் பார்க்கச் சொன்னேன். டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் காலை எடுத்த பிறகும் பெட் உரசிக்கொண்டே இருக்கும்.

கதை இத்தோடு முடிந்தால் நல்லது. ஆனால் இதே பிரேக் வரலாற்றில் ஒரு கறுப்பு நாளும் இருக்கிறது. அதையும் அவருக்குச் சொன்னேன்.

1955 ஜூன் 11, லே மான்ஸ். ஜகுவார் டி-டைப்பில் மைக் ஹோதோர்ன். அதற்கு டிஸ்க் பிரேக். போட்டியாக மேர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர். அதற்கு டிரம் பிரேக். அந்தக் குறையை ஈடுசெய்ய ஓட்டுநருக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பெரிய தகடு ஒன்றை மேலெழும்பும்படி வைத்திருந்தார்கள். மாலை ஆறரை மணியளவில் ஹோதோர்ன், லான்ஸ் மெக்லினின் ஒஸ்டின்-ஹீலியை முந்திச் சென்று, எரிபொருள் நிரப்பும் இடத்தில் நிற்பதற்காகப் பிரேக் பிடித்தார். மெக்லின் இடப்பக்கம் ஒதுங்கினார். பின்னால் 200 கிலோமீற்றருக்கும் மேல் வேகத்தில் வந்த மேர்சிடிஸில் இருந்தவர் 49 வயதான பியர் லெவெக். அவருக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவருடைய கார் ஒஸ்டினின் பின்பக்கத்தில் ஏறிப் பறந்து சனக்கூட்டத்தை நோக்கிச் சிதறியது. லெவெக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். மோட்டார் பந்தய வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. பாதையின் அமைப்பு அந்த வேகங்களுக்குப் பொருந்தவில்லை என்றது. உண்மைதான். கார்கள் நிற்கும் இடத்துக்கும் ஓடும் பாதைக்கும் இடையில் தடுப்பே இல்லை. ஆனால் ஒரே பாதையில் ஒரு கார் சட்டென்று வேகம் குறைக்க, பின்னால் வருபவருக்கு அதே பிரேக் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. சமநிலை ஒரு காரின் முன் பின் சில்லுகளோடு முடிவதில்லை. கூட ஓடும் கார்களுக்கிடையிலும் அது வேண்டும்.

இந்தப் பதிவைப் படிக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னுக்கு மட்டும் பெரிய டிஸ்க் போடுகிறவர்கள், டயரைப் பார்க்காமல் பெட்டை மட்டும் மாற்றுகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மற்றதையும் கணக்குப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருகிறவரின் பிரேக்கையும் யோசியுங்கள்.

நேற்று டுபாயில் இருந்து மீண்டும் குரல் செய்தி. பின்னுக்குச் சின்ன கெலிப்பர், இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் கோல். ஆளில்லாத நேர் பாதையில், குறைந்த வேகத்தில் தொடங்கிப் பத்து தடவைக்கு மேல் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"சேர், முன் சில்லுதான் முதல்ல பூட்டுது. கார் கோடு கீறின மாதிரி நேரா நிக்குது. அந்த நெம்புகோல் பாடத்துல நான் பின் வாங்குல தூங்கினேன் சேர், மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டேன்.