கல்கத்தாவும் சிட்னியும்: ஒரு பேராயத்தின் தூரம்

கல்கத்தாவுக்கும் சிட்னிக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 9,100 கிலோமீட்டர் தூரம் உண்டு. இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரிலிருந்து சிங்கப்பூர் செல்ல விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரமும், அங்கிருந்து சிட்னி சேர மேலும் 8 மணி நேரமும் ஆகின்றன. இவ்விரு நகரங்களும் ஒரு காலத்தில் ஒரே பேராயரின் பொறுப்பில் இருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம்.

கல்கத்தாப் பேராயம் 1814-இல் நிறுவப்பட்டது. மிடில்டன் அதன் முதற் பேராயர். 1824-இல் பிறந்த அரச ஆணை ஒன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தையும் அப்பேராயத்தோடு இணைத்தது. ஆர்ச்டீக்கனாக நியமனம் பெற்ற தாமஸ் ஹாப்ஸ் ஸ்காட் 1825-இல் சிட்னி சேர்ந்தார். வரைபடத்தை நோக்கின் இவ்வேற்பாட்டில் நியாயம் உண்டு. இலண்டனைக் காட்டிலும் கல்கத்தாவே சிட்னிக்கு அண்மையிலுள்ளது. ஆயினும் பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பியே சென்றன. கடிதம் எழுதி மறுமொழி பெற மாதங்கள் பல கழிந்தன.

அந்நாளில் பேராயராயிருந்த ரெஜினால்டு ஹீபர் ஓய்வறியாப் பயணி. 1824-இல் புறப்பட்டு வட இந்தியா, பம்பாய், இலங்கை ஆகிய இடங்களைச் சந்தித்தார். பின்னர் தென்னாட்டுக்கு வந்தார். 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மரித்தார். தம் பேராயத்தின் தென்கோடியை அவர் கண்டதேயில்லை. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் 1828-இல் கடற்பயணத்தில் மரித்தார்; டர்னர் 1831-இல் காலமானார். இவ்வாறு 17 ஆண்டுகளில் நான்கு பேராயர்கள் பணிக்காலத்திலேயே மறைந்தனர். அவர்கள் சோம்பியிருந்தவர்கள் அல்லர். மனிதனால் சுமக்க இயலாத தூரம் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது.

இதற்குத் திருச்சபை கண்ட பரிகாரம் விரைவான கப்பல் அன்று. 1835-இல் சென்னைக்கும், 1837-இல் பம்பாய்க்கும் தனிப் பேராயர்கள் கிடைத்தனர். இடையில், 1836-இல், சிட்னியின் ஆர்ச்டீக்கனாயிருந்த புரோட்டன் ஆஸ்திரேலியாவின் முதற் பேராயரானார். அவருடைய எல்லையும் ஒரு கண்டமாகவே இருந்தது. எனவே 1842-இல் டாஸ்மேனியாவும், 1847-இல் மெல்போர்ன், அடிலெய்டு, நியூகாசில் ஆகியவையும் தனிப் பேராயங்களாயின. புதிய பேராயங்களுக்கென அவர் தம் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். தம் அதிகார எல்லை சுருங்குவதை இழப்பாக எண்ணவில்லை.

விரைவு பின்னரே வந்தது. 1919-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர் வழியில் கல்கத்தாவில் இறங்கினர். டார்வின் நகரை அடைய அவர்களுக்கு 28 நாட்கள் பிடித்தன. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் தொடங்கிய சிட்னி–இலண்டன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா வழியாகச் சென்று நான்கு நாட்களில் பயணத்தை முடித்தது. ஹீபரால் எட்டவியலாத சிட்னி, கல்கத்தாவுக்கு இரண்டொரு நாள் தொலைவில் வந்து நின்றது.

அப்படியாயின், அன்று விமானம் இருந்திருந்தால் ஒரே பேராயர் போதுமாயிருந்திருப்பாரோ? நம் வேதாகமத் தமிழ் இவ்வூழியனைக் ‘கண்காணி’ என அழைக்கிறது. கண்காணிப்பவன் வந்துபோகிறவன் அல்லன், உடன் தங்குகிறவன். பன்னிரண்டு மணி நேரத்தில் கடல் கடக்கும் நாம், அடுத்த தெருவிலுள்ள குடும்பத்தைக் காண ஆண்டுக்கணக்கில் தாமதிக்கக் கூடும். மந்தைக்கும் மேய்ப்பனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்கவியலாது.