யூபிலி என்னும் சொல் வந்த வழி



விழா வளைவிலும் அழைப்பிதழிலும் நாம் எழுதி மகிழும் 'யூபிலி' என்ற சொல்லின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஆங்கிலத்தில் 'ஜூபிலி' என வழங்கும் இச்சொல் 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து அங்கு சென்றது. பிரெஞ்சுக்கு அதைத் தந்தது இலத்தீன். இலத்தீனுக்குத் தந்தது கிரேக்கம். அதற்கும் மூலம் எபிரேயம்.

எபிரேயத்தில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கிடாய். அதன் கொம்பையும் அச்சொல் குறிக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புஞ்சைகளில் கீதாரிகள் கிடை போடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. விலங்கின் கொம்பையும் ஊதும் கருவியையும் நாமும் 'கொம்பு' என்றே சொல்கிறோமல்லவா?

ஏழேழு 49 ஆண்டுகள் கழிந்தபின், பாவப்பரிகார நாளன்று நாடெங்கும் கொம்பு ஊதி 50-ஆம் ஆண்டை அறிவிக்க வேண்டுமென்கிறது லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம். அவ்வாண்டில் விதைப்பில்லை. வறுமையால் விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் பிள்ளைகளோடு வீடு திரும்புவான். அடுத்த யூபிலிவரை எத்தனை விளைச்சல் உண்டோ, அதற்கேற்பவே நிலத்துக்கு விலை. ஏறக்குறைய நம்மூர் ஒத்தி போன்றது; ஆனால் ஒத்தியைத் திருப்பப் பணம் வேண்டும், யூபிலியில் வேண்டியதில்லை.

விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் இதனை 'அபெசிஸ்', அதாவது விடுதலை என்று எழுதினர். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் வாசித்த பகுதியை எழுதும்போது புனித லூக்காவும் இச்சொல்லையே ஆள்கிறார். பாவமன்னிப்புக்கும் இதுவே சொல். இலத்தீனிலோ, மகிழ்ந்து ஆர்ப்பரித்தலைக் குறிக்கும் 'யூபிலாரே' என்ற சொல்லின் சாயல் ஏறி 'யூபிலேயுஸ்' ஆயிற்று. கொம்பின் பெயரோடு மகிழ்ச்சியும் சேர்ந்தது இவ்வாறுதான்.

திருச்சபையின் முதல் யூபிலியைத் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1300-இல் அறிவித்தார். நூறாண்டு என்றிருந்த இடைவெளி பின்னர் ஐம்பதாகி, 1475 முதல் இருபத்தைந்தாயிற்று. 2025-ஆம் ஆண்டும் அவ்வழியில் வந்த யூபிலியே.

ஆர்ப்பரிப்பு இலத்தீன் தந்தது; விடுதலையோ அதற்கும் மூத்தது. மேளமும் வாணவேடிக்கையும் நம் விழாவில் உண்டு. வானம் பார்த்த இந்தப் பூமியில் ஒத்திக்குப் போய்த் திருப்ப முடியாத புஞ்சையும் உண்டு. மழை பொய்த்ததால் அடைபடாத கைமாற்றும் உண்டு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளும் உண்டு. கொடுக்க வேண்டியவனை ஒருமுறை மன்னித்து, பிரிந்த உடன்பிறப்பின் வாசலில் ஏறும் வீடு ஒன்றேனும் நம்மிடையே இருந்தால், கொம்பு ஊதியதன் பொருள் நிறைவேறும். அவ்வருளை இறைவன் நம் பங்கிற்குத் தருவாராக!