மாலைக்கண்ணும் முறைமணமும்

ஸ்ரீவைகுண்டத்து வாய்க்கால் கரைகளில், அந்தி சாய்ந்தபின் பிறர் தோளைப் பற்றியே நடப்பவரைக் கண்டால், "மாலைக்கண்" என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். அச்சொல்லுக்குள் இரு வேறு நோய்கள் உள்ளன. ஒன்று வைட்டமின் 'ஏ' குறைவால் வருவது. காலத்தோடு சத்து அளித்தால் நீங்கிவிடும். மற்றொன்று பரம்பரையாய் வருவது. விழித்திரையின் ஒளியுணர் செல்கள் மெல்ல மெல்ல அழிய, முதலில் இரவுப் பார்வையும் பின்னர்ப் பக்கப் பார்வையும் குன்றும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது அதன் மருத்துவப் பெயர்.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை அமைத்த பின்னரே இந்நோயின் உருவம் தெளிவாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1861இல், இரத்த உறவினர் மணத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பை லீப்ரைக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்தார். நோயின் ஒரு வகையில், பழுதுற்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றிப் பார்வை கெடாது. அப்பழுதை ஒற்றையாய்ச் சுமக்கும் பெற்றோர் நன்றாகவே காண்பர். ஆயினும் அவர்தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஒரே பாட்டனின் வழிவந்தோர் மணந்தால் அத்தகைய இருவர் இணையும் வாய்ப்பு மிகும். எனினும் உறவில் மணவாதோர்க்கும் இந்நோய் வருவதுண்டு.

நம் திருச்சபையோ உறவுமணத்தை நெடுங்காலமாகத் தடுத்து வந்துள்ளது. ஏழு தலைமுறை வரை நீண்டிருந்த தடையை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் நான்காகக் குறைத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்க விதிவிலக்குப் பெற வேண்டும். இத்தடை மரபணுவை அறிந்து எழுந்ததன்று. குடும்ப உறவின் தூய்மையையும், அன்பு பிற குடும்பங்களுக்கும் விரிவதையும் எண்ணி எழுந்தது. நாமோ "சொத்து வெளியே போகலாகாது" என்று விதிவிலக்கையே வழக்கமாக்கிக்கொண்டோம்.

பார்வையிழந்தோருக்கு நம் மண் கதவடைக்கவில்லை. 1890இல் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1988இல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை எழுந்தது. 2017இல் ஆர்.பி.இ.65 என்னும் ஒரு மரபணுவின் பழுதுக்கு அமெரிக்காவில் மரபணு மருந்து ஒப்புதல் பெற்றது. ஏனைய பல வகைகள் இன்னும் காத்திருக்கின்றன.

மருந்து வரும்வரை நம்மால் ஆவது ஒன்றுண்டு. தங்கைக்கு வரன் அமையாதென்று அண்ணனின் நோயை மறைக்கிறோம். சாபமென்று தாயைப் பழிக்கிறோம். இருவர் வழியாகவும் வந்ததற்குத் தாய் மட்டும் எவ்வாறு பொறுப்பாவாள்? திருமண ஓலை வாசிக்கப்படுமுன், குடும்பத்தில் எவர்க்கேனும் இருளில் பார்வை மங்கியதுண்டா என்று மனந்திறந்து பேசுவோம், மருத்துவரிடமும் கேட்போம். மறைத்த உண்மையின் சுமையைப் பிறக்கப்போகும் குழந்தையின் கண்கள் மீது ஏற்ற நமக்கு உரிமையில்லை.