அரை மணி நேர வண்டி

சைக்கிளின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் அதை உடனே வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதலில் பால்காரர் வருவார், அடுத்து தபால்காரர், பின்னால் கேரியரில் நெல் மூட்டை, கடைசியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். எல்லாம் உண்மைதான். ஆனால் புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இன்றும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற எனக்கு, அந்தக் கதையில் பெரிய இடம் ஒன்று விட்டுப்போயிருப்பதாகவே படுகிறது. ஒரு காரியமும் இல்லாமல், சும்மா, ஓட்டுவதற்காகவே ஓட்டினோமே, அந்தச் சைக்கிள் எங்கே போயிற்று? எங்கள் ஊரில் அந்தச் சும்மா ஓட்டத்துக்கு ஒரு கடை இருந்தது, விலை இருந்தது, கணக்கு நோட்டும் இருந்தது.

வண்டி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின் என்ற வடிவத்தை 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தார். 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சுதந்திரத்துக்கு முன்பு இங்கே ஓடியதில் பெரும்பாலும் ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்த சீமைச் சரக்குதான். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. அசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், லூதியானாவில் 1956-ல் ஹீரோ என்று வரிசையாக வந்தன.

பெயர் எதுவானாலும் இந்த வண்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், உயரமான பார். ஒரு கம்பெனி ஃபோர்க்கில் இன்னொரு கம்பெனிச் சக்கரம் ஏறும். கப்பு, கோன், பால்ஸ் எல்லாம் தனித்தனியாகவே கடையில் கிடைக்கும். ஆக, பழைய ஃப்ரேம் ஒன்று கிடைத்தால் போதும். நாலு இடத்துச் சாமானைப் பூட்டி, பெயின்ட் அடித்து, மட்கார்டில் நம்பர் எழுதி வாடகைக்கு விட்டுவிடலாம். பெரிய முதல் இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வர முடிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நான் பார்த்த வாடகைக் கடைக்காரர்கள் எல்லோரும் முதலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்களே.

ஊரும் தோதாக அமைந்தது. 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த திவான் சேஷய்யா சாஸ்திரி ஊரைத் திருத்தியமைத்தார், குளங்களைச் சீர்செய்தார். நாலு பக்கமும் ராஜ வீதிகள். அவற்றைத் தாண்டினால் கீழ 2-ம் வீதி, மேல 3-ம் வீதி என்று எண் போட்ட நேர் தெருக்கள். எங்கே திரும்பினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். புதிதாகச் சைக்கிள் பிடிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? அரை மணிக்குள் வண்டியைத் திருப்பிவிட வேண்டும் என்று பதறிக்கொண்டிருக்கும் பையனுக்கு, வழி தவறவே முடியாத ஊர் பெரிய வசதி.

எங்கள் தெருமுனைக் கடை ஒரு கதவு அகலம்தான். வாசலில் வண்டிகள் சாய்ந்து நிற்கும். பெரியவர்களுக்கான வண்டிகளில் கேரியரும் செயின் கவரும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கான அரை வண்டி, முக்கால் வண்டிகளில் மட்கார்டுகூட இருக்காது. டபுள்ஸ் போய் ஒடித்துவிடுவார்கள் என்று கேரியரைக் கழற்றியே வைத்திருப்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது மணிக்குக் கால் ரூபாய் வாடகை. தெரிந்த முகம்தான் முன்பணம். முகம் தெரியாவிட்டால், தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். எடுக்கும்போது காற்று, பிரேக், பெல் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வழியில் பஞ்சரானால் அந்தக் காசு எடுத்தவர் தலையில்.

கடைக்கார அண்ணன் கோட்டம் எடுப்பதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ஒரு சாக்பீஸை ஃபோர்க்கில் ஊன்றி, ரிம்மை லேசாகத் தொடும்படி பிடிப்பார். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவார், எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்குவார். மறுபடி சுற்றுவார். கோடு குட்டையாகும். இன்னொரு சுற்று. கடைசியில் சாக்பீஸ் ரிம் முழுக்க ஒரே சீராக உரசும்போது, சக்கரத்தைக் கையால் நிறுத்தாமல் தானாக ஓய்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் இருந்த திருப்தியை நல்ல விடைத்தாள் திருத்தும்போது நானும் அனுபவித்திருக்கிறேன்.

அண்ணன் காலமான பிறகு அவர் மகள் என்னிடம் சில வாடகை நோட்டுகளைக் கொடுத்தார். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டுகள். வண்டி நம்பர், பெயர், போன நேரம், வந்த நேரம், காசு என்று ஐந்து பத்தி. பெயர் என்றால் பெயர் மட்டும் இல்லை. 'தாலுகா ஆபீஸ் கிளார்க் மகன்', 'எண்ணெய்க் கடைத் தம்பி' என்றுதான் பாதி இருக்கும். படித்துக்கொண்டே போனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. காரியமாக எடுத்தவர்கள் முழு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்: கல்யாணப் பத்திரிகை வைக்க, வெளியூர்ச் சந்தைக்குப் போக, கோர்ட்டுக்குப் போக. அந்த வரிகள் நாளைக்குக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அரை மணி, ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் வந்தால் பக்கம் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருக்கிறது. ஒரே பையன் நாலரைக்கு எடுத்து ஐந்துக்கு விட்டு, ஐந்தேகாலுக்கு மறுபடி எடுத்திருக்கிறான். நடுவில் வீட்டுக்கு ஓடிக் காசு வாங்கி வந்திருக்க வேண்டும். இந்தக் கடை பிழைத்தது பிள்ளைகளின் ஆசையால்தான்.

சாயங்கால வரிகள் இருட்டுவதற்குள் சட்டென்று நின்றுவிடும். அதற்கும் காரணம் உண்டு. விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். டைனமோ வைத்த வாடகை வண்டி அபூர்வம். நகராட்சிக்கு வரி கட்டி வாங்கிய வில்லை வண்டியில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். போலீஸ்காரரைத் தூரத்தில் கண்டதும் இறங்கி, ஏதோ பஞ்சரானது போலத் தள்ளிக்கொண்டு போகிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளைக்கு வண்டி தரக் கூடாது என்று கடையில் விதி எதுவும் இல்லை. கேட்கிற வழக்கம்தான் இல்லை. நான் ஓட்டியது தம்பி எடுத்த வண்டியை. அவன் பெயரில் எழுதிய ஒரு மணி நேரத்தில் கடைசிக் கால் மணி எனக்கு; அதுவும் வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சந்தில், பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல். ஒரு நாள் துணிந்து நானே கடைக்குப் போய்க் கேட்டேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். வண்டியை எடுத்துக் கொடுத்தார். நோட்டில் தம்பி பெயரைத்தான் எழுதினார்.

எங்கள் காலத்துப் பெண்கள் சைக்கிளை ஆற அமரப் பார்த்தது, ஊருக்குள் வந்த சாகசக்காரரிடம்தான். மைதானத்தின் நடுவில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, அதைச் சுற்றி இரவும் பகலும் நாள்கணக்கில் இறங்காமல் ஓட்டுவார். வண்டியில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். ராத்திரியானால் நெஞ்சில் டியூப் லைட் உடைப்பதும் ரிக்கார்டு டான்ஸும் நடக்கும். சமையலை முடித்துவிட்டு அம்மாவும் சித்தியும் பாயோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஆள் ஓட்டுவதைப் பார்க்க அவ்வளவு பெண்கள் கூடினார்கள். அவர்களில் ஒருத்திக்கும் ஓட்டத் தெரியாது.

அது மாறியது 1991-ல், அறிவொளி இயக்கம் வந்தபோது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களின் நடமாட்டத்தையும் சேர்த்துப் பார்த்தார். கிராமம் கிராமமாகப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் முதலில் ஓட்டக் கற்றார்கள். பிறகு அவர்களிடம் எழுத்துப் படித்தவர்களும் கேட்டு வந்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி ஊருக்குள் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் வண்டி போதாமல், பார் வைத்த வண்டிகளையே பெண்கள் வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இதையெல்லாம் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1996-ல் வந்த தன் புத்தகத்தின் கட்டுரை ஒன்றில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிடங்களில் ஓட்டிக் காட்டியதாக எழுதுகிறார். தண்ணீர் எடுப்பது, விளைபொருள் விற்கப் போவது, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இருப்பது என்று பயன்களும் வருகின்றன. ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு ஆசிரியை. சொந்தமாக வண்டி வாங்க வசதியில்லை. அதனால் சாயங்காலம் தோறும் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். அவர் எங்கும் போகவில்லை, ஓட்டினார், அவ்வளவுதான். பயன்களைக் கணக்கிட்ட அரசாங்க அறிக்கைகளில் இவரை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? எங்கள் அண்ணனின் நோட்டில் அவருக்கு இடம் உண்டு.

அறிவொளிக் காலத்து நோட்டுகளில் பெண்கள் வருகிறார்கள். முதலில் 'கொத்தனார் சம்சாரம்', 'பூக்காரம்மா மக' என்று அண்ணன் கையெழுத்தில். சில மாதம் போனபின் ஒரு பக்கத்தில் எழுத்து மாறுகிறது. பெரிய பெரிய எழுத்தாக, கோடு தாண்டி, நடுங்கிய கையால் 'லட்சுமி' என்று ஒரு வரி. அடுத்த வாரம் இன்னொருத்தி. புதிதாக எழுதப் படித்தவர்கள் நோட்டைத் தாங்களே வாங்கிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, அந்தக் கடையில் வாடிக்கையாளர் எழுதிய வரிகள் இவை மட்டுமே. அண்ணன் கணக்கு நோட்டை இன்னொருவர் கையில் கொடுக்கிற ஆள் இல்லை. அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

தொழில் சரிந்ததை நீட்டி எழுத எனக்கு மனசில்லை. டி.வி.எஸ். 50 1980-லேயே வந்துவிட்டது. தவணையில் சைக்கிள் கிடைத்தது, மினி பஸ் வந்தது, 2000-க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்தது. வீட்டுக்கொரு வண்டி நிற்பது நல்ல விஷயம். அந்த வண்டியில் ஏறி என் மாணவிகள் பிளஸ் டூ முடித்தார்கள், எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. வாடகைக்கு எடுக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். கடைசி வண்டிகள் எடைக்குப் போயின.

இப்போது என் காலைகள் இப்படிப் போகின்றன. வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் கிளம்பினால் புதுக்குளத்தை ஒரு சுற்று. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு ஒரு வணக்கம். முழங்கால் ஒத்துழைக்கிற நாளில் திருக்கோகர்ணம் வரை போய், கோயில் வாசலில் டீ குடித்துத் திரும்புவேன். அங்கேயே ஞானாலயா நூலகம் இருக்கிறது. பழைய இதழ்களில் சைக்கிள் விளம்பரம் தேடுவது என் இன்னொரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல், ஒரு பக்கம் சுமார் 16 கிலோமீட்டர். குன்று தெரிய ஆரம்பித்ததும் எதிர்க்காற்று பிடிக்கும், கியரைக் குறைத்து மெதுவாக மிதிப்பேன். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் வாத்தும் யானையும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய சாயம். பூப்பறிக்க நீரில் இறங்கியிருக்கும் அந்த மனிதர்களுக்கு அவசரமே இல்லை. அந்த முகங்களைப் பார்க்கத்தான் போகிறேன்.

வழியில் இளைஞர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள், ஹெல்மெட்டும் மின்னும் விளக்குமாக. அவர்களில் சிலர் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் ஓட்டம் 1891-லேயே தொடங்கிவிட்டது என்று அவர்களில் ஒரு தம்பி சொன்னான். நான் அவனுக்கு வாடகை நோட்டைப் படம் எடுத்துக் காட்டினேன். போன நேரமும் வந்த நேரமும் எழுதிய பத்திகளைப் பார்த்து, "டீச்சர், எங்க பிரெவே கார்டும் இதேதான்" என்றான்.

திருக்கோகர்ணத்தில் 1910 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த நோட்டுகளை அங்கே ஒப்படைக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு கடையின் நோட்டு மட்டும் போனால் போதாது. வாடகைச் சைக்கிள் கடை நடத்திய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. பரணில் அப்பாவின் கணக்கு நோட்டோ, நகராட்சி வில்லையோ, மட்கார்டில் நம்பர் எழுதிய தகர அச்சோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நோட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கே வந்து படி எடுத்துக்கொள்கிறேன். சைக்கிளில்தான் வருவேன், மதியத்துக்கு மேல் என்றால் வசதி.