‘பெங்கால்’ காவற்கப்பலும் வரலாற்றுப் பதிவும்

ஆஸ்திரேலியாவில் கட்டப்பெற்று 1942இல் அரச இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பெற்ற சிறு போர்க்கலம் ‘பெங்கால்’ ஆகும். 1942 நவம்பர் 11 அன்று, லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன் தலைமையில், ‘ஒண்டினா’ என்னும் டச்சு எண்ணெய்க்கப்பலுக்குக் காவலாக இந்தியப் பெருங்கடலில் அது சென்றுகொண்டிருந்தது. அப்போது ஹொகொக்கு மாரு, ஐகொக்கு மாரு என்னும் ஜப்பானியத் தாக்குதற்கப்பல்கள் எதிர்ப்பட்டன.

பெங்காலில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே. பகைக்கப்பல்கள் அளவிலும் படைக்கலத்திலும் அதனைப் பன்மடங்கு விஞ்சியவை. எனினும், எண்ணெய்க்கப்பல் தப்பிச்செல்ல இடம்தந்து, வில்சன் பகைவரை நோக்கியே கப்பலைச் செலுத்தினார். ஒண்டினாவும் தன் பீரங்கியால் சுட்டது. ஹொகொக்கு மாரு தீப்பற்றி வெடித்து மூழ்கியது. சேதமுற்ற பெங்கால், உயிரிழப்பின்றி டியாகோ கார்சியாவை அடைந்தது. அழிந்ததாகக் கருதப்பட்ட ஒண்டினா, தன் தலைவரை இழந்தும் பிரிமாண்டில் துறைமுகத்திற்குத் திரும்பியது.

பகைக்கப்பலை வீழ்த்திய குண்டு எவருடையது என்பதில் இருதரப்புக் கூற்றுகளும் முரண்படுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்று எழுதப்படும் வரலாறு முழுமை பெறாது. காவற்கப்பலின் கடமை பகையை அழிப்பதன்று, காக்கப்படுவதைக் கரைசேர்ப்பதாகும். அவ்வளவையால் நோக்கின், ஒண்டினா துறைமுகம் மீண்டமையே பெங்காலின் வெற்றிக்குச் சான்றாகும்.